செத்தவற்றில் கடி இல்லை: ஒரு 54 லிட்டர் மீன் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

"மாமா, டைகர் பார்ப் எல்லாத்தையும் கடிச்சுக் கொல்லுது. அதை மட்டும் எடுத்துட்டா சரியாயிடுமா?"

அக்கா மகன் போனில் கேட்டான். தொட்டி வைத்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். பதினெட்டு மீன்களில் ஏழு போய்விட்டன. மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட அந்த மூன்று பார்ப்கள்தான் குற்றவாளி என்று வீடே தீர்ப்பு எழுதியிருந்தது. கண்ணால் கண்ட சாட்சியும் உண்டு. கப்பியின் வாலை ஒரு பார்ப் கவ்வி இழுத்ததை அக்காவே பார்த்திருக்கிறாள்.

நானும் பாதி நம்பித்தான் போனேன். டைகர் பார்பைப் பற்றி அப்படி ஒரு பேர் இருக்கிறது. அங்கே பார்த்ததையும் அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தத் தொட்டியோடு நடந்ததையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இங்கே வரும் அளவுகள் அதில் இருப்பவை.

முதல் ஒன்பது நாள்

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கினால் 54 லிட்டர். ஆனால் மேலே மூன்று செ.மீ. விட்டு நிரப்பி, அடியில் ஐந்து செ.மீ. சரளை போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டையையும் வைத்த பிறகு உள்ளே நின்ற தண்ணீர் 42 லிட்டர் சொச்சம்தான். மருந்து ஊற்றும் நாளில் இந்த வித்தியாசம் முக்கியம். 54 என்று நினைத்து ஊற்றினால் கால் பங்குக்கு மேல் கூடிப்போகும்.

மீன்களின் பட்டியல்: ஆறு நியான் டெட்ரா, நான்கு கப்பி, மூன்று டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல், இரண்டு கோல்டு ஃபிஷ், "அழுக்கெல்லாம் இதுவே தின்னுடும்" என்ற உத்தரவாதத்தோடு, கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் மீனான சக்கர் ஒன்று. தொட்டி, சரளை, ஃபில்டர், ஹீட்டர், மீன் எல்லாம் ஒரே மாலையில் வீட்டுக்கு வந்தன. குழாய்த் தண்ணீர் பிடித்து நிரப்பிய அரை மணி நேரத்தில் மீன்கள் உள்ளே.

மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சித் தெளிவு போல வெளுத்தது. நான்காம் நாள் காலை இரண்டு நியான் மிதந்தன. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். மீன்களை வாளியில் விட்டுவிட்டு, சரளையைக் குழாயடியில் அரிசி களைவது போலக் களைந்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை வெள்ளையாகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். அன்று இரவு தொட்டி கண்ணைப் பறித்ததாம். மறுநாள் விடிவதற்குள் இன்னும் மூன்று நியான், ஒரு கோல்டு ஃபிஷ். ஒன்பதாம் நாள் காலை கடைசி நியானும் போனது. அதன் பிறகுதான் எனக்குப் போன்.

சுத்தம் செய்தும் ஏன் சாகிறது என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. தண்ணீரில் குறை இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஒருவன்தான் கொலைகாரன். பார்ப் மேல் சந்தேகம் விழுந்த வழி இது.

உடலைப் பார்த்தது

பையன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். காலையில் செத்த நியானைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து வைத்திருந்தான். மேஜை விளக்கின் கீழ் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். வால் முழுசாக இருந்தது. முதுகுத் துடுப்பின் நுனிகூடச் சிதையவில்லை. உடம்பில் செதில் பெயர்ந்த இடம் ஒன்றும் இல்லை. பல்குத்தியால் செவுள் மூடியைத் தூக்கியதும் உள்ளே கருஞ்சிவப்பாக வீங்கி, மேலே கோழை படிந்திருந்தது. முன்பு செத்த மீன்களையும் அவன் போனில் படமெடுத்திருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றிலும் துடுப்புகள் அப்படியே இருந்தன.

பிறகு உயிரோடிருந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு ஆண் கப்பிக்கு வாலில் பாதி இல்லை. ஓரம் கத்தரியால் வெட்டியது போல இல்லாமல் பிய்த்தெடுத்ததுபோல் இருந்தது. பெரிய ஏஞ்சலுக்கு வயிற்றின் கீழ் நீளமாகத் தொங்கும் இரண்டு இழைகளில் ஒன்று வெறும் குச்சியாக நின்றது. பார்ப்களின் வேலைதான், சந்தேகமில்லை.

ஆக, செத்தவற்றில் கடி இல்லை. கடிபட்டவை சாகவில்லை. குற்றம் நடந்ததும் உண்மை, ஆள் செத்ததும் உண்மை. இரண்டுக்கும் சம்பந்தம்தான் இல்லை. பார்ப்கள் மூன்றும் தெம்பாக நீந்திக்கொண்டிருந்ததற்கு அவை அடாவடி மீன்கள் என்பது காரணமில்லை. கெட்ட தண்ணீரை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும் ஜாதி அது. உயிரோடு இருந்ததே அவற்றின் மேல் பழியாக விழுந்துவிட்டது.

மிச்சமிருந்த மீன்கள் எங்கே நின்றன என்பதும் ஒரு தடயம். அடிக்கும் மீனுக்குப் பயந்தவை மூலையிலோ கோட்டைக்குப் பின்னாலோ ஒளியும். இங்கே எல்லாமே, பார்ப் உட்பட, மேல்மட்டத்தில் ஃபில்டர் தண்ணீர் கொட்டும் இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கூடியிருந்தன. பயந்தவனும் பயமுறுத்துகிறவனும் ஒரே இடத்தில் மூச்சுக்குத் தவித்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

தண்ணீர் சொன்னது

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டைக் கொண்டு போயிருந்தேன். அம்மோனியா 4 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் நான்கு பங்கு. நைட்ரைட் பூஜ்ஜியம். நைட்ரேட் ஏறக்குறைய பூஜ்ஜியம். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். 8. வெப்பம் 28 டிகிரி. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு போன்ற உப்புகளைக் காட்டும் கடினத்தன்மை 14 டிகிரி (இது வெப்ப டிகிரி அல்ல), அதாவது சுமார் 250 பி.பி.எம்.

"ரெண்டு பூஜ்ஜியம் வந்திருக்கே மாமா, அது நல்லதுதானே?" என்றான். இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அதுவே உருவாகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அந்த நைட்ரைட்டை இன்னொரு கூட்டம், பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா, நைட்ரேட்டாக மாற்றும். பழைய புத்தகங்களில் இந்த இடத்தில் நைட்ரோபாக்டர் என்று இருக்கும். 1990-களின் கடைசியில் தொட்டி ஃபில்டர்களை ஆராய்ந்தபோதுதான் அங்கே வேலை செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரம் ஒருமுறை தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினால் அடங்கிவிடும்.

அப்படியென்றால் ஒன்பதாம் நாள் நைட்ரைட் பூஜ்ஜியம் என்பதற்கு என்ன பொருள்? முதல் கூட்டமே இன்னும் குடியேறவில்லை. அம்மோனியா மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கிறது, அதைத் தின்ன ஆளில்லை.

பி.எச். இதில் எரிகிற தீயில் எண்ணெய். கிட் காட்டும் 4 பி.பி.எம். முழுவதும் விஷமல்ல. அதில் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். எவ்வளவு எதுவாக இருக்கும் என்பதைப் பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, 28 டிகிரியில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8-இல் அதே வெப்பத்தில் ஆறு பங்குக்கு மேல். கணக்கிட்டால் இந்தத் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 0.26 மில்லிகிராம். 0.05-ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். நியான் டெட்ரா முதலில் போனதில் வியப்பில்லை. அமேசான் படுகையின் மென்னீரில், அமிலத் தன்மையுள்ள ஓடைகளில் பிறந்த ஜாதி. அதற்கு இந்தத் தண்ணீரே அந்நியம்.

அப்படியானால் ஆறாம் நாள் விடியலில் ஒரே இரவில் நான்கு செத்ததற்கு என்ன காரணம்? அப்போது தண்ணீர் புத்தம் புதிது, அம்மோனியா குறைவாகத்தான் இருந்திருக்கும். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்தேன். ப்ளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது. குளோரின். நாம் குடிக்கும் அளவு குளோரினே மீனின் செவுளைச் சுட்டுவிடும். முதல் நாளும் அதே தண்ணீர்தானே என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. குழாயில் குளோரின் ஒரே அளவில் வருவதில்லை. தவிர, முதல் நாள் உள்ளே போனது தெம்பான மீன். ஐந்தாம் நாள் போனது ஏற்கெனவே செவுள் வெந்த மீன்.

ஸ்பாஞ்சைக் கழுவியதால் நன்மை தரும் பாக்டீரியா எல்லாம் செத்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். இந்த வழக்கில் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்தே நாளில் அங்கே போவதற்கு அதிகம் இருந்திருக்காது. ஆறு மாதம் ஓடிய தொட்டியில் அப்படிக் கழுவியிருந்தால் அது பெரிய குற்றம்.

அன்று மாலை செய்தது

தீனி இரண்டு நாளைக்கு நிறுத்தம். மீன் பட்டினி கிடந்து சாகாது, உண்ட மிச்சம் அழுகித்தான் சாகும். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, ஆன்டி குளோரின் கலந்து, கையை விட்டுப் பார்த்து வெப்பம் ஒத்துவந்த பிறகு மெதுவாக ஊற்றினோம். மறுநாளும் பாதி, அதற்கடுத்த நாளும் பாதி. ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய பழக்கம். வெறும் குளோரினுக்கு அது சரி. குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமினைச் சேர்க்கும் ஊர்களில் அது எளிதில் போகாது, மருந்துதான் வழி.

"டேய், நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். பார்பை எடுக்கத்தான் வேணும். ஆனா அதை எடுத்ததால மட்டும் ஒண்ணும் சரியாகாது" என்றேன். முகம் தொங்கிப்போனது. எல்லா மீனையும் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது இன்னும் தொங்கியது.

மூன்று பார்ப்களும் ஏற்கெனவே ஒன்பது பார்ப் வைத்திருந்த ஒரு நண்பரின் நீளத் தொட்டிக்குப் போயின. டைகர் பார்ப் கூட்டமாக இருந்தால் அதன் அடிதடியெல்லாம் தனக்குள்ளேயே தீர்ந்துபோகும். எட்டு பத்து இருந்தால் யார் பெரியவன் என்பதிலேயே பொழுது போய்விடும். மூன்று என்பது இருப்பதிலேயே மோசமான எண்ணிக்கை. ஏஞ்சல்கள் உயரமான தொட்டி உள்ள ஒருவரிடம், கோல்டு ஃபிஷ் வெளியே பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருந்தவரிடம், கப்பிகள் நான்கும் என் வீட்டுக்கு. சக்கரைத்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டவுடன் எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஏற்கெனவே ஒன்று இருந்தது, எல்லாம் முழங்கை நீளத்தில். இரண்டு வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தினமும் தண்ணீர் மாற்றி வைத்திருந்து, கடைசியில் மிகப் பெரிய தொட்டி உள்ள ஒருவர் இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டார். குளத்தில் விட்டால் என்ன என்று யாரோ சொன்னார்கள். விடவே கூடாது. வெப்ப நாடுகள் பலவற்றின் ஏரிகளில் இந்த மீன் அப்படித்தான் பெருகி, கரையைக் குடைந்து, வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வெறும் தொட்டி, இருபத்தொரு நாள்

மீனில்லாத தொட்டியைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை வேறில்லை. "வெறும் தண்ணியை யாராவது வேடிக்கை பாப்பாங்களா தம்பி?" என்று அக்காவே கேட்டாள்.

என் வீட்டில் ஆறு வருடமாக ஓடும் ஃபில்டரிலிருந்து பாதி ஸ்பாஞ்சை வெட்டி, தொட்டித் தண்ணீரோடே பையில் கட்டி எடுத்துப் போய் அவர்கள் ஃபில்டருக்குள் திணித்தேன். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். பார்க்க அருவருப்பான பழுப்புச் சேறு. முன்பு குழாயடியில் பிழிந்து வெளியேற்றியது இதைத்தான் என்று காட்டினேன். உறை இல்லாமல் தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயுள்ள தொட்டியிலிருந்து மட்டும் ஸ்பாஞ்ச் வாங்கக் கூடாது, நோயும் கூடவே வரும்.

பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு கரைசல் விட்டு 2 பி.பி.எம். ஆக்கினோம். ஐந்தாம் நாள் அம்மோனியா 1, நைட்ரைட் 0.5. பையன் முதல்முறையாக ஊதா நிறத்தைப் பார்த்து உற்சாகமானான். ஒன்பதாம் நாள் அம்மோனியா 0.25-க்கு இறங்கியது, நைட்ரைட் கிட்டின் உச்சியைத் தொட்டது. அடுத்த ஒரு வாரம் அது அசையவே இல்லை. இது எல்லாத் தொட்டியிலும் நடக்கும், இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். பதினேழாம் நாள் 0.25. இருபதாம் நாள் மறுபடி 2 பி.பி.எம். அம்மோனியா விட்டோம். இருபத்து நான்கு மணி நேரத்தில் அம்மோனியாவும் பூஜ்ஜியம், நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் 40. இப்போது வந்த பூஜ்ஜியத்துக்கும் முன்பு வந்த பூஜ்ஜியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் தானாகவே சொன்னான். நைட்ரேட்டைக் குறைக்க முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றினோம்.

இடையில் ஒரு மரக்கட்டையில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற இரண்டு நீர்ச்செடிகளை நூலால் கட்டி வைத்தோம். அவற்றின் கிழங்கை சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும், மேலேதான் இருக்க வேண்டும். கோட்டையை அவன் விட்டுத்தரவில்லை. இருக்கட்டும், மீனுக்கு ஒளிய இடம்தானே.

எந்த மீன் எதோடு சேரும்

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் கேட்கிறோம். பிடித்த மீன்களை எழுதிவிட்டு, அவை சண்டை போடுமா என்று பார்க்கிறோம். முதல் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டு ஃபிஷ் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மீன், 28 டிகிரி அதற்குச் சுமை. நியானுக்கு மென்னீர், கப்பிக்குக் கடினநீர். ஏஞ்சல் வளர்ந்தால் துடுப்போடு சேர்த்து ஒரு சாண் உயரம், அப்போது நியான் அதன் வாய்க்கு அளவான தீனி. இந்த மீன்கள் ஒன்றையொன்று தொடாமலே இருந்திருந்தாலும் ஒரு தொட்டியில் வாழ முடியாதவை. குணம் என்பது கடைசிக் கேள்வி.

நான் பின்பற்றும் வரிசை: முதலில் தண்ணீர், பிறகு வளர்ந்த பின் வரும் அளவு, பிறகு எத்தனை பேர் கூட்டமாக வேண்டும், பிறகு எந்த மட்டத்தில் நீந்தும், கடைசியில் குணம்.

தண்ணீர் 14 டிகிரி கடினம், பி.எச். 8. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இதை மென்மையாக்கலாம். ஒவ்வொரு வாரமும் அதே கலவையைத் தவறாமல் செய்கிறவருக்கு அது சரி. பள்ளிக்கூடப் பையனுக்குச் சரிவராது. ஒரு வாரம் கலந்து, ஒரு வாரம் மறந்து, தண்ணீர் மேலும் கீழும் ஆடுவதைவிடக் கடினநீரே மேல். குழாயில் என்ன வருகிறதோ அதற்கேற்ற மீனை எடுப்பது என்று முடிவானது. கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் இந்தத் தண்ணீருக்கென்றே பிறந்தவை. மோலி 60 செ.மீ. தொட்டிக்குக் கொஞ்சம் பெரிது, விட்டுவிட்டோம்.

அளவு விஷயத்தில் 'ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன்' என்றொரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்ன மீனுக்குத் தோராயமாகப் பொருந்தும், பெரிதானால் பொய்த்துவிடும். மீன் இரண்டு மடங்கு நீளமானால் எடை இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். கழிவும் அதற்கேற்பக் கூடும். அந்த சக்கர், கடையில் விரல் நீளம். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும், இந்தத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. அழுக்கைத் தின்னும் என்பதும் பாதி உண்மைதான். பாசியைக் கொஞ்சம் மேயும், மற்ற மீனின் கழிவைத் தொடாது, தானே எல்லோரையும்விட அதிகம் கழியும்.

கப்பியில் ஆண் மட்டும் போதும் என்றேன். பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் வைத்திருந்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்குப் போன இரண்டு பெண்களும் அங்கே பேறுகாலம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆண்கள் இருவர் திரும்பி வந்தார்கள், கூட நான்கு பேர் புதிது. மொத்தம் ஆறு.

நடுமட்டத்துக்குக் கூட்டமாக ஒரு மீன் வேண்டும். பையனுக்கு மறுபடியும் நியான் ஆசை. நான் செர்ரி பார்பைச் சொன்னேன். இலங்கையின் நிழல் ஓடைகளில் வாழும் சிறு மீன், ஐந்து செ.மீ., பெயரில் பார்ப் இருந்தாலும் டைகர் பார்பின் குணம் துளியும் கிடையாது. அவன் பிடித்துக்கொண்டான்: "அதுவும் மென்னீர் மீன்தானே மாமா? நியானுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?"

அவன் சொன்னதில் தவறில்லை. அதனால் கிட்டை எடுத்துக்கொண்டு மீன் வாங்கும் இடத்துக்கே போய், செர்ரி பார்ப் இருந்த தொட்டித் தண்ணீரைச் சோதித்தோம். கடினத்தன்மை 12. அதிலேயே ஒரு மாதத்துக்கு மேல் இருந்தவை, நன்றாகத் தின்றன, ஆண்கள் ரத்தச் சிவப்பில் இருந்தன. பக்கத்துத் தொட்டி நியான்கள் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பண்ணையில் பல தலைமுறை பிறந்த மீனுக்கு அதன் பூர்வீகத்தைவிட, இப்போது எந்தத் தண்ணீரில் எத்தனை நாளாக இருக்கிறது என்பது முக்கியம். இரண்டு ஆண், நான்கு பெண் என்று ஆறு எடுத்தோம். பெண் அதிகமிருந்தால் ஒரே பெண்ணை ஆண்கள் விரட்டிக் களைக்க வைப்பது குறையும்.

அடிமட்டத்துக்கு காரிடோரஸ் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது மீசையால் மணலைத் துழாவித் தின்னும் மீன். இங்கே இருந்தது கூரான சரளை, மீசை தேய்ந்து புண்ணாகும். சரளையை மாற்றினால் அதில் குடியேறிய பாக்டீரியாவும் போகும். எனவே காரிடோரஸ் இல்லை. பாசிக்கு மூன்று நெரைட் நத்தை. நன்னீரில் அவற்றின் முட்டை பொரியாது, பெருகித் தொல்லை தராது, ஓட்டுக்குக் கடினநீர் நல்லது.

சண்டை மீன் ஒன்று சேர்க்கலாமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டான். நீள வால் ஆண் கப்பியைப் பார்த்தால் தன் ஜாதி எதிரி என்று நினைத்துப் பாய்ந்துவிடும் என்றேன். அதோடு விட்டுவிட்டான்.

என் பங்குக்கு ஒரு தவறு

கப்பிகளை முதலில் விட்டு, பத்து நாள் கழித்து செர்ரி பார்ப். புது மீனைத் தனி டப்பில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். அடுத்தவருக்கு ஆயிரம் முறை சொன்ன விஷயம். கடையில் மீன் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்ததால், பையனும் நச்சரித்ததால், நேரே விட்டுவிட்டேன். பையை மிதக்க விட்டு, முக்கால் மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பைத் தண்ணீர் உள்ளே போகாமல் வலையால் எடுத்துவிட்டது வரை எல்லாம் ஒழுங்குதான்.

ஆறாம் நாள் இரண்டு செர்ரி பார்ப் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒன்று மரக்கட்டையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வெண்புள்ளி நோய், இக் என்று சொல்வார்கள். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. அங்கிருந்து விழுந்து, அடியில் பிளந்து பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும் சில மணி நேரத்தில்தான் அடிக்க முடியும். வெப்பம் கூடினால் இந்தச் சுற்று வேகமாக முடியும். அதனால் மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினோம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்பும் கல்லும் கூடுதலாக. மருந்தில் செம்பு இருந்ததால் நத்தைகளைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றினோம், அது அவற்றுக்கு எமன். புள்ளிகள் ஐந்தாம் நாளே மறைந்தன. ஆனாலும் நிறுத்தாமல் பன்னிரண்டு நாள் ஓட்டினோம். ஒரு கப்பி போனது. புதிதாக வாங்கியவற்றில் ஒன்று.

"இது யாரு கொன்னது மாமா?" என்றான் பையன். நான்தான் என்று சொன்னேன்.

ஐந்தாவது மாதம்

இப்போது ஐந்து கப்பி, ஆறு செர்ரி பார்ப், மூன்று நத்தை. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்ஜியம், நைட்ரேட் 20-ஐ ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீர் இறைத்து ஒரு வாளி ஊற்றுகிறான், சுமார் பத்து லிட்டர். மாதம் ஒருமுறை அந்த இறைத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு அமுக்கு. வெள்ளையாகும்வரை பிழிவதில்லை. தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. விளக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் கண்ணாடியில் பாசி ஏறுகிறது.

டைகர் பார்ப் மூன்றையும் சென்ற மாதம் நண்பர் வீட்டில் பார்த்தேன். பன்னிரண்டில் எவை நம்முடையவை என்று அடையாளம் தெரியவில்லை.

அவற்றிடம் கடிபட்ட கப்பியை மட்டும் இன்னும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். துடுப்பின் அடி சேதமாகாமல் இருந்ததால் வால் மறுபடி வளர்ந்துவிட்டது. முதலில் கண்ணாடி போல நிறமே இல்லாமல் வந்தது. பிறகு ஓரத்திலிருந்து ஆரஞ்சு ஊறிக்கொண்டு வருகிறது. பழைய வாலும் புது வாலும் சேரும் இடத்தில் ஒரு கோணல் கோடு இருக்கிறது. தீனி போடும்போது அதுதான் முதலில் மேலே வரும்.